வறட்சியில் மலையேறுவோரின் இருப்புக் கணக்கு

ஈப்போவில் ஆண்டுக்குச் சராசரியாக 2,427.9 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அதிக மழை அக்டோபரில், 297.2 மி.மீ.; குறைந்த மழை ஜனவரியில், 132.3 மி.மீ. ஆண்டு மழையில் அக்டோபரின் பங்கு 12.2 விழுக்காடு, ஜனவரியின் பங்கு 5.4 விழுக்காடு. ஈப்போவுக்கு வடகிழக்கே சுமார் 15 கிலோமீட்டரில் உள்ள தஞ்சோங் ரம்புத்தானுக்கும் இந்தக் கணக்கு பெரிதும் பொருந்தும். வெப்பமண்டல மழைக்காட்டில் 100 மி.மீ.க்குக் குறைவாக மழை பெய்யும் மாதத்தை ஆய்வாளர்கள் வறண்ட மாதம் என்று கொள்கிறார்கள். மரங்களும் மண்ணும் சேர்ந்து நாளொன்றுக்கு 3 முதல் 4 மி.மீ. நீரை ஆவியாக்குகின்றன; 30 நாளில் அது 90 முதல் 120 மி.மீ. வரவு அதற்குக் கீழே போனால், மண்ணில் தங்கிய நீரைக் காடு எடுக்கத் தொடங்குகிறது. ஜனவரியில் இந்த 100க்கு மேல் இருப்பது 32.3 மி.மீ. மட்டுமே. அக்டோபர் மழை 66.4 விழுக்காடு குறைந்தால்தான் அது வறண்ட மாதமாகும். ஜனவரிக்கு 24.4 விழுக்காடு குறைவே போதும்.

ஒரு ஹெக்டர் நிலத்தில் ஒரு மில்லிமீட்டர் மழை என்பது 10,000 லிட்டர் நீர். ஜனவரி மழை பாதியாகக் குறைந்தால் ஹெக்டருக்கு 661,500 லிட்டர் வரவு இல்லாமல் போகிறது. ஒரு சதுர கிலோமீட்டருக்கு 6 கோடியே 61 லட்சத்து 50 ஆயிரம் லிட்டர். கிந்தா ஆறு தொடங்குவது தஞ்சோங் ரம்புத்தானுக்குப் பின்னால் எழும் தித்திவாங்சா மலைத்தொடரில். அதன் மேல்நீரைத்தான் உலு கிந்தாவில் உள்ள சுல்தான் அஸ்லான் ஷா அணை தேக்குகிறது. அணைக்குப் பல கால்களிலிருந்து நீர் வந்து சேரும். ஒரு கால் வற்றினாலும் மற்றவை ஓரளவு ஈடுகொடுக்கும். மலை முகட்டில் கூடாரம் போடுகிறவருக்கோ அருகில் இருப்பது ஒரே ஓடை. ஊருக்குக் குழாய்நீர் வருவதை வைத்து மலைமேல் நீர் இருக்கும் என்று கணிக்க முடியாது.

அந்த மலைத்தொடரின் மிக உயர்ந்த சிகரம் குனோங் கோர்பு, 2,183 மீட்டர். தீபகற்ப மலேசியாவில் அதைவிட உயரமானது தாமான் நெகாராவில் உள்ள குனோங் தாஹான் ஒன்றே, 2,187 மீட்டர். வித்தியாசம் 4 மீட்டர். அடுத்து யோங் பெலார் 2,181, காயோங் 2,173, சாமா 2,171, யோங் யாப் 2,168, உலு செப்பாட் 2,161 மீட்டர். முதல் ஏழு சிகரங்களும் 26 மீட்டர் இடைவெளிக்குள் அடங்குகின்றன. 4,343 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள தாமான் நெகாரா ஒரு தேசியப் பூங்கா. கோர்பு நிற்பதோ காப்புக்காட்டில். பேராக் வனத்துறையின் பெர்மிட் இல்லாமல் அங்கே ஏற முடியாது. 1984ஆம் ஆண்டு தேசிய வனச் சட்டத்தின்படி அனுமதியின்றிக் காப்புக்காட்டுக்குள் நுழைந்தால் 10,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது 3 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். கோர்பு மலையேற்றத்துக்கு வழக்கமாக 2 முதல் 3 நாள் ஆகிறது.

தஞ்சோங் ரம்புத்தான் நகரம் கடல்மட்டத்திலிருந்து 100 மீட்டருக்கும் தாழ்வில் இருக்கிறது. அங்கிருந்து உச்சிக்கு ஏறத்தாழ 2,100 மீட்டர் உயர வேறுபாடு. 100 மீட்டர் ஏறினால் வெப்பம் சராசரியாக 0.65 டிகிரி செல்சியஸ் குறையும். 2,100 மீட்டருக்கு 13.7 டிகிரி. அடிவாரத்தில் 37 டிகிரி இருக்கும் நாளில் உச்சியில் 23 டிகிரிதான் இருக்கும். அந்த 23 பலரையும் ஏமாற்றுகிறது. உடல் நீரை இழப்பது உச்சியில் நிற்கும்போது அல்ல. அதற்கு முன்னால் ஏறும் பல மணி நேரத்தில். சுமையோடு ஏறுகிறவருக்கு மணிக்கு அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை வியர்க்கும். நடுவாக 0.75 லிட்டர் என்று வைத்தால் 8 மணி நேரத்தில் 6 லிட்டர். எடையில் 2 விழுக்காடு நீர் குறைந்தாலே உடலின் திறன் சரியத் தொடங்குகிறது. 60 கிலோ எடையுள்ளவருக்கு அது 1.2 லிட்டர். மணிக்கு 0.75 லிட்டர் என்ற கணக்கில், ஒன்றும் குடிக்காமல் நடந்தால் 96 நிமிடத்தில் அந்த எல்லை வந்துவிடும்.

37 டிகிரி என்பது மலேசிய வானிலைத் துறையின் அளவுகோலில் முக்கியமான கோடு. தொடர்ந்து 3 நாள் உச்ச வெப்பம் 35 முதல் 37 டிகிரி வரை இருந்தால் முதல் நிலை. 37 முதல் 40 வரை இருந்தால் இரண்டாம் நிலை, வெப்ப அலை. 40ஐத் தாண்டினால் மூன்றாம் நிலை. 2016 ஏப்ரலில் பெர்லிஸ், கெடா மாநிலங்களில் 250க்கும் மேற்பட்ட பள்ளிகள் மூடப்பட்டது இந்த 37 டிகிரிக் கணக்கின்படியே. நாட்டில் பதிவான உச்சம் 40.1 டிகிரி, பெர்லிஸ் மாநிலம் சுப்பிங்கில், 1998 ஏப்ரல் 9. இரண்டும் வலுவான எல் நினோ காலங்கள். பசிபிக் கடல்நீரின் வெப்ப உயர்வைக் காட்டும் குறியீடு 1982–83இல் 2.2 டிகிரி வரையும், 1997–98இல் 2.4 வரையும், 2015–16இல் 2.6 வரையும், 2023–24இல் 2.0 வரையும் உயர்ந்தது.

கோர்பு மலைக்காடு எரியுமா என்பதே அடிவாரத்தில் அதிகம் கேட்கப்படும் கேள்வி. ஈரம் குறையாத முழு மழைக்காட்டில் தீ எளிதில் பரவாது. தரைச் சருகு காய்வதற்கே நீண்ட வறட்சி வேண்டும். ஆனால் பரவவே பரவாது என்று சொல்ல 1983 இடம் கொடுக்கவில்லை. அந்த வறட்சியில் சபாவில் ஏறத்தாழ 10 லட்சம் ஹெக்டர், அதாவது 10,000 சதுர கிலோமீட்டர், தீயால் பாதிக்கப்பட்டது. பேராக் மாநிலத்தின் பரப்பு சுமார் 21,000 சதுர கிலோமீட்டர்; அதில் 48 விழுக்காட்டுக்குச் சமம். மரம் வெட்டி ஒளி விழுந்த காடுகளே அங்கு அதிகம் பாதிக்கப்பட்டன. கிந்தா மலைச்சரிவுகளுக்கு இதை அப்படியே பொருத்துவது சரியாகாது. காட்டின் விளிம்பே முதலில் காயும் என்பது மட்டும் இரண்டு இடத்துக்கும் பொது.

அந்த விளிம்பில் ஒரு தலைமுறைக்கு முன்பு நின்றவை பால்மரங்கள். ஆண்டுத் தொடக்கத்து வறட்சியில் ரப்பர் மரம் இலை உதிர்க்கும். பால் குறையும், மரம் சீவியவர்களின் வருமானமும் குறையும், காய்ந்த சருகு தரையை மூடும். வறட்சி வந்துவிட்டது என்பதைத் தோட்டத்து மக்கள் கூலிச்சீட்டிலேயே கண்டார்கள். மலேசியாவின் இயற்கை ரப்பர் உற்பத்தி 1988இல் சுமார் 16.6 லட்சம் டன். 2023இல் சுமார் 3.5 லட்சம் டன். மிஞ்சியது 21 விழுக்காடு. செம்பனையின் பரப்பு இன்று 56 லட்சம் ஹெக்டருக்கும் மேல். அது பருவத்துக்கு இலை உதிர்ப்பதில்லை. எங்கள் பெரியவர்களுக்குத் தோட்டம் காட்டிக்கொடுத்த பருவத்தை நாம் இப்போது வானிலைத் துறையின் எண்களில்தான் தேட வேண்டியிருக்கிறது.

கோர்பு ஏறுவோருக்கு உள்ளூர்த் தீயைவிட அடிக்கடி வரும் இடர் கடல் கடந்த புகை. 2015இல் ஜூன் முதல் அக்டோபர் வரை இந்தோனேசியாவில் 26 லட்சம் ஹெக்டர் எரிந்தது என்பது உலக வங்கியின் கணக்கு. அது 26,000 சதுர கிலோமீட்டர். பேராக் மாநிலத்தைவிட ஏறத்தாழ 24 விழுக்காடு பெரியது. அந்த நாட்டின் இழப்பு 1,610 கோடி அமெரிக்க டாலர். 2019இல் எரிந்தது சுமார் 16.5 லட்சம் ஹெக்டர், இழப்பு 520 கோடி டாலர். அவ்வாண்டு செப்டம்பரில் மலேசியாவில் ஒரே சமயத்தில் மூடப்பட்ட பள்ளிகள் சுமார் 2,500. வீட்டில் இருந்த மாணவர்கள் சுமார் 17 லட்சம். இப்படிப் பார்த்தால் பேராக்கில் கெட்ட காலம் இரண்டு: ஜனவரி முதல் மார்ச் வரை உள்ளூர் வறட்சி, ஜூலை முதல் அக்டோபர் வரை புகை. வலுவான எல் நினோ ஆண்டில் இரண்டும் சேர்ந்து 7 மாதம். மீதி 5 மாதத்தில் ஏப்ரலும் நவம்பரும் இடிமழைக்குப் பேர்போனவை. நினைத்த மாதத்தில் ஏறலாம் என்ற எண்ணத்துக்கு நாட்காட்டியில் அதிக இடமில்லை.

காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100ஐத் தாண்டினால் ஆரோக்கியமற்ற நிலை, 200ஐத் தாண்டினால் மிக மோசம், 300ஐத் தாண்டினால் ஆபத்து, 500ஐத் தாண்டினால் அவசரநிலை. சரவாக்கில் 1997 செப்டம்பர் 19 முதல் 28 வரை அவசரநிலை நீடித்தது. குறியீடு 839 வரை போனது. 2005 ஆகஸ்ட் 11இல் போர்ட் கிள்ளானிலும் கோலசிலாங்கூரிலும் 500ஐக் கடந்தது. 2013 ஜூன் 23இல் மூவாரில் 746. பள்ளிகளில் வெளிப்புற நடவடிக்கைகளை 100இல் நிறுத்த வேண்டும், 200இல் பள்ளியை மூட வேண்டும் என்பது கல்வி அமைச்சின் விதி. திடலில் 40 நிமிடம் ஓடும் பிள்ளைக்கு வைத்த கோட்டை, 8 மணி நேரம் மூச்சிரைக்க ஏறும் பெரியவர் தனக்கும் வைத்துக்கொள்வதில் தவறில்லை.

அந்த 8 மணி நேரத்தைக் காற்றின் அளவில் எழுதிப் பார்க்கலாம். ஓய்வில் இருப்பவர் நிமிடத்துக்குச் சுமார் 8 லிட்டர் காற்றை உள்ளிழுக்கிறார். 24 மணி நேரத்தில் 11.5 கனமீட்டர். சுமையோடு ஏறுகிறவர் நிமிடத்துக்கு 40 லிட்டர் இழுத்தால், 8 மணி நேரத்தில் 19.2 கனமீட்டர். 2.5 மைக்ரோமீட்டருக்கும் சிறிய துகள்களுக்கு உலக சுகாதார நிறுவனம் 2021இல் வைத்த 24 மணி நேர வரம்பு கனமீட்டருக்கு 15 மைக்ரோகிராம். மலேசியாவின் வரம்பு 35. வரம்புக்குள் உள்ள 15 மைக்ரோகிராம் காற்றில் ஒரு நாள் முழுதும் ஓய்வில் இருப்பவர் உள்ளிழுப்பது 173 மைக்ரோகிராம் துகள். 100 மைக்ரோகிராம் உள்ள புகையில் 8 மணி நேரம் ஏறுகிறவர் உள்ளிழுப்பது 1,920 மைக்ரோகிராம். மூன்றில் ஒரு பங்கு நேரத்தில் 11 மடங்கு. இழுத்த துகள் முழுவதும் நுரையீரலில் தங்குவதில்லை. ஆனாலும் ஊரில் தாங்கக்கூடிய புகை மலையில் வேறொரு அளவாகிவிடுகிறது.

1997 ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரையிலான புகைமூட்டத்தால் மலேசியாவுக்கு ஏற்பட்ட இழப்பை மலேசியப் பொருளியலாளர்கள் ஏறத்தாழ 80.2 கோடி ரிங்கிட் என்று மதிப்பிட்டனர். அதில் உற்பத்தி இழப்பு சுமார் 39.4 கோடி, 49 விழுக்காடு. சுற்றுலா வருகைக் குறைவு சுமார் 31.9 கோடி, 40 விழுக்காடு. மருத்துவம், மீன்பிடி, தீயணைப்பு உட்பட மற்றவை எல்லாம் சேர்ந்து 11 விழுக்காடு. நாட்டுக்கு வந்த பயணிகள் 1996இல் 71.4 லட்சம், 1997இல் 62.1 லட்சம், 1998இல் 55.5 லட்சம்; இரண்டு ஆண்டில் 22 விழுக்காடு வீழ்ச்சி. 1999இல் 79.3 லட்சமாக உயர்ந்தது. வீழ்ச்சி முழுவதையும் புகையின் கணக்கில் எழுத முடியாது. 1997 ஜூலையில் ஆசிய நாணய நெருக்கடி தொடங்கிவிட்டது. 1998இல் நிப்பா கிருமித்தொற்று தலைகாட்டியதே இந்தக் கிந்தா மாவட்டத்தில்தான்.

புகையைத் தாண்டி, தீ நேரடியாக மலையேறிகளைக் கொன்ற வழக்கு தமிழ்நாட்டில் இருக்கிறது. 2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை, தேனி மாவட்டம் குரங்கணி. கொழுக்குமலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்த இரண்டு குழுக்களைப் பிற்பகலில் காட்டுத்தீ சூழ்ந்தது. இரண்டிலும் சேர்த்து ஏறத்தாழ 40 பேர். சென்னையிலிருந்து வந்தவர்கள் ஒரு குழு, ஈரோடு, திருப்பூர்ப் பகுதியிலிருந்து வந்தவர்கள் மற்றொன்று. இந்திய விமானப்படையின் ஹெலிகாப்டர்கள் மீட்புக்கு வந்தன. மறுநாள் உறுதியான இறப்பு 9. இறுதிக் கணக்கு 23. இரண்டுக்கும் இடையே உள்ள 14 உயிர்கள் மலையிலிருந்து மீட்கப்பட்டு மருத்துவமனைகளில் பிரிந்தவை. மொத்தத்தில் 61 விழுக்காடு. மலைத்தீயில் மீட்பு என்பது கணக்கின் முடிவல்ல என்பதை இந்த 14 காட்டுகிறது. இறந்தவர் குடும்பத்துக்கு மாநில அரசு அறிவித்த உதவித்தொகை 4 லட்சம் ரூபாய். 23 பேருக்கும் சேர்த்தால் 92 லட்சம். பெரும்பாலோர் இளைஞர்கள், வேலையில் இருந்தவர்கள். அந்தத் தொகை எதை ஈடுசெய்யும் என்பதற்கு எந்தப் பேரேட்டிலும் இடமில்லை.

கொழுக்குமலை சுமார் 2,400 மீட்டர். கோர்புவைவிட ஏறத்தாழ 10 விழுக்காடு உயரம். வேறுபாடு மழையில் இருக்கிறது. தமிழ்நாட்டின் ஆண்டுச் சராசரி மழை சுமார் 920 மி.மீ., ஈப்போவில் பெய்வதில் 38 விழுக்காடு. ஜனவரி முதல் மே வரை ஒரு மாதத்திலும் மாநிலச் சராசரி 100 மி.மீ.யைத் தொடுவதில்லை. மலைப்பகுதிகளில் மழை இதைவிட அதிகம்தான், ஆனாலும் பிப்ரவரி, மார்ச் அங்கும் வறட்சியே. ஈப்போவில் விதிவிலக்காக வரும் வறண்ட மாதம் அங்கே ஆண்டுதோறும் தவறாமல் வருகிறது. மழைக்காட்டின் நிழல் இல்லாத அந்தச் சரிவுகளில் ஆளுயரப் புல் காய்ந்து நிற்கும்.

சரிவில் தீ எவ்வளவு வேகமாக ஏறும் என்பதற்கு ஒரு தோராய விதி உண்டு: சரிவு 10 டிகிரி கூடும் ஒவ்வொரு முறையும் வேகம் இரட்டிக்கும். சமதரையில் மணிக்கு அரை கிலோமீட்டர் நகரும் மெதுவான தீ, 10 டிகிரிச் சரிவில் 1 கிலோமீட்டர், 20 டிகிரியில் 2, 30 டிகிரியில் 4 கிலோமீட்டர் வேகத்தில் ஏறும். மனிதருக்கு 1892இல் ஸ்காட்லாந்து மலையேறி நெய்ஸ்மித் வகுத்த கணக்கு: சமதரையில் மணிக்கு 5 கிலோமீட்டர், கூடவே 600 மீட்டர் உயரத்துக்கு ஒரு மணி நேரம். 30 டிகிரிச் சரிவில் 100 மீட்டர் ஏறினால் உயரம் 50 மீட்டர் கூடும்; அதற்கு 5 நிமிடம், கிடைத்தூரத்துக்கு 1 நிமிடம், ஆக 6 நிமிடம். அதே 100 மீட்டரைத் தீ ஒன்றரை நிமிடத்தில் கடக்கும். 300 மீட்டர் கீழே தீ தெரிகிறது என்று வைத்துக்கொண்டால், தீ நிமிடத்துக்கு 67 மீட்டர் ஏறுகிறது, ஆள் 17 மீட்டர் ஏறுகிறார், இடைவெளி நிமிடத்துக்கு 50 மீட்டர் குறைகிறது. கையில் இருப்பது 6 நிமிடம். அதற்குள் அவர் 100 மீட்டர்தான் ஏறியிருப்பார். காற்று வீசினால் 6 நிமிடமும் இராது. உயிர் பயத்தில் ஓடுகிறவர் நெய்ஸ்மித் கணக்கைவிட வேகமாகப் போகலாம்; இரண்டு மடங்கு வேகம் கிடைத்தாலும் 9 நிமிடம்தான் தேறும்.

இந்தக் கணக்குக்கு உலகறிந்த சான்று அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்து மான் கல்ச் பள்ளத்தாக்கு. 1949 ஆகஸ்ட் 5 அன்று 16 தீயணைப்பு வீரர்கள் புல் சரிவில் மேல்நோக்கி ஓடினார்கள். மேற்பகுதியின் சரிவு 76 விழுக்காடு, அதாவது ஏறத்தாழ 37 டிகிரி. இறந்தவர்கள் 13, பிழைத்தவர்கள் 3. எல்லோரும் பயிற்சி பெற்றவர்கள், பெரும்பாலோர் இளைஞர்கள். பிழைத்தவர்களில் தலைவர் வாக்னர் டாட்ஜ் தன் முன்னால் இருந்த புல்லைத் தானே கொளுத்தி, எரிந்த சாம்பல் தரையில் படுத்துக்கொண்டார். மற்ற இருவரும் பாறை இடுக்கின் வழியே தப்பினார்கள். தீயோடு போட்டியிட்டு ஓடியவர்களில் 81 விழுக்காட்டினர் மாண்டார்கள். டாட்ஜைக் காத்தது எரிவதற்கு ஒன்றும் மிச்சமில்லாத தரை.

விண்ணிலிருந்து வரும் எச்சரிக்கையும் இந்த நிமிடங்களுக்குள் அடங்காது. தீயைக் கண்டறியும் விஐஐஆர்எஸ் கருவியின் ஒரு புள்ளி 375 மீட்டருக்கு 375 மீட்டர், அதாவது 14 ஹெக்டர். ஒரு செயற்கைக்கோள் ஓரிடத்தைப் பொதுவாக நாளுக்கு இரண்டு முறை பார்க்கிறது, சுமார் 12 மணி நேர இடைவெளியில். மணிக்கு 4 கிலோமீட்டர் ஏறும் தீக்கு 12 நிமிடமே 800 மீட்டருக்குப் போதும். இந்தக் கருவியைக் கொண்டு இந்திய வன அளவாய்வு நிறுவனம் நவம்பர் முதல் ஜூன் வரையிலான தீப் பருவத்தில் பதிந்த தீப்புள்ளிகள் 2020–21இல் 345,989; 2021–22இல் 223,333; 2022–23இல் 212,249; 2023–24இல் 203,544. மூன்று ஆண்டில் 41 விழுக்காடு குறைவு. இவை தனித்தனித் தீக்களின் எண்ணிக்கை அல்ல. ஒரே தீ பல புள்ளிகளாகப் பதியலாம். நாட்டளவில் 41 விழுக்காடு குறைந்தது என்பதால் ஒரு சரிவில் நிற்பவரின் 6 நிமிடம் 7 ஆவதில்லை.

தமிழ்நாடு அரசு குரங்கணிக்குப் பிறகு 2018இல் மலையேற்றத்துக்குத் தனி விதிகளை வகுத்தது. 2024 அக்டோபரில் 14 மாவட்டங்களில் 40 பாதைகளோடு அரசின் மலையேற்றத் திட்டம் தொடங்கப்பட்டது. 2025இல் தீப் பருவத்தைக் கருதி பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை, 60 நாள், பாதைகள் மூடப்பட்டன. இந்த 60 நாளை 2018ஆம் ஆண்டின் மேல் வைத்துப் பார்த்தால், மார்ச் 11 மூடலின் 25ஆம் நாள். திறக்க இன்னும் 35 நாள் மீதம். ஊர் திரும்பும் வழியில் மூணாறு, தேனிப் பக்கம் மலை பார்க்கத் திட்டமிடும் மலேசியத் தமிழர்களுக்கு, விமானச் சீட்டு வாங்குவதற்கு முன் பார்க்க வேண்டிய தேதிகள் இவை. பள்ளி விடுமுறையும் விழாக்களும் இந்த 60 நாளுக்குள் விழுந்தால், பயணத் திட்டத்திலிருந்து மலையை எடுத்துவிட வேண்டும்.

மூடுவதால் வருமானம் போகிறது என்ற வாதத்துக்கு 1988ஆம் ஆண்டு எல்லோஸ்டோன் எண்களில் பதில் தேடலாம். அமெரிக்காவின் அந்த மலைப் பூங்காவில் அவ்வாண்டு வறட்சியில் 793,880 ஏக்கர், ஏறத்தாழ 3,213 சதுர கிலோமீட்டர், தீயால் பாதிக்கப்பட்டது. பூங்காவின் 36 விழுக்காடு. தீயணைப்பில் மொத்தம் சுமார் 25,000 பேர் உழைத்தார்கள். செலவு 12 கோடி டாலர். செப்டம்பர் 8இல் பூங்கா முழுவதும் பொதுமக்களுக்கு மூடப்பட்டது. செப்டம்பர் 11இல் கால் அங்குலம், அதாவது சுமார் 6 மி.மீ., மழையும் பனியும் விழுந்ததும் தீ தணியத் தொடங்கியது. கிந்தாவின் ஜனவரி மழை நாளொன்றுக்குச் சராசரியாக 4.3 மி.மீ.; அந்த 6 மி.மீ. என்பது நம் குறைந்த மழை மாதத்தில் ஒன்றரை நாள் வரவு. பார்வையாளர் எண்ணிக்கை 1987இல் சுமார் 25.7 லட்சம், 1988இல் 21.8 லட்சம், 1989இல் 26.4 லட்சம். ஓராண்டில் 15 விழுக்காடு குறைந்தது, மறு ஆண்டில் 21 விழுக்காடு கூடியது. ஒரே பூங்காவின் மூன்று ஆண்டு எண்களை வைத்துப் பொதுவிதி எழுதக் கூடாது. மூடிய பூங்காவுக்கு மக்கள் திரும்பி வந்தார்கள் என்ற அளவுக்கு மட்டும் இவை சாட்சி.

மலேசியாவில் திறந்தவெளியில் எரிப்பதற்கான உச்ச அபராதம் 500,000 ரிங்கிட்டாக இருந்தது. 2024இல் 10 லட்சம் ரிங்கிட்டாக உயர்த்தப்பட்டது. பெர்மிட் இல்லாத நுழைவுக்கான 10,000 ரிங்கிட்டோடு ஒப்பிட்டால் 100 மடங்கு. சட்டம் எதைப் பெரிய தீங்காகக் கருதுகிறது என்பது இந்த விகிதத்தில் தெரிகிறது. மலையில் சமைத்துவிட்டு அடுப்பை அரைகுறையாக அணைத்துப் போகிறவர் இந்த எண்ணையும் அறிந்திருக்க வேண்டும்.

இனி உலு கிந்தா வழியே கோர்பு ஏற நாள் குறிக்கும் குழு ஒன்றுக்கான கணக்கு. முந்தைய 30 நாளில் ஈப்போவில் பெய்த மழையைக் கூட்டிப் பார்க்க வேண்டும். 100 மி.மீ.க்கு மேல் என்றால் மேல் ஓடைகளில் நீர் இருக்கும் வாய்ப்பு அதிகம். ஆளுக்கு 2 முதல் 3 லிட்டர் சுமந்து, வழியில் நிரப்பிக்கொள்ளலாம். 100க்குக் கீழே என்றால், வழிகாட்டியான மாலிம் குனோங் சமீபத்தில் நேரில் பார்த்துச் சொல்லாதவரை, முகட்டில் நீர் இல்லை என்றே கொள்ள வேண்டும். அப்போது இரண்டு முழு நாளுக்கான நீரைக் கீழிருந்தே எடுத்துப் போக வேண்டும். நாளுக்கு 6 லிட்டர், இரண்டு நாளுக்கு 12 லிட்டர், அதாவது 12 கிலோ. மலையேற்றச் சுமை உடல் எடையில் 25 விழுக்காட்டைத் தாண்டாமல் இருப்பது நல்லது. 60 கிலோ எடையுள்ளவருக்கு அது 15 கிலோ. நீர் போக மிஞ்சும் 3 கிலோவில் கூடாரம், படுக்கை, உடை, அரிசி, அடுப்பு, மருந்து எல்லாம் அடங்க வேண்டும். அடங்காது. எட்டுப் பேர் குழுவுக்கு நீர் மட்டும் 96 கிலோ. அதைச் சுமக்க ஆள் சேர்த்தால், சேர்ந்த ஒவ்வொருவருக்கும் இன்னும் 12 கிலோ. பெர்மிட்டில் உள்ள தேதியை ஏப்ரலுக்குத் தள்ளிக் கேட்பது இதைவிட எளிது.